தக்கைத் திருகியும் பால்வெட்டுக் கத்தியும்

கப்பல் பயணத்திற்குப் பெட்டி கட்டுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டுரை எழுதச் சொல்லித் தந்தார்கள். மேடையில் பேசச் சொல்லித் தந்தார்கள். ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னுடையது, இதற்குப் பெயர் இது" என்று சோதனை மேசைக்கு முன்னால் சொல்லும் துணிவை மட்டும் நானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அது எனக்கு மூன்று நாள் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தாமதத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் கழகத்தில் என்னோடு செயலவையில் இருந்தவர்கள், பட்டம் பெற்று ஆண்டுகள் பல ஓடிய பிறகு, குடும்பத்தோடு ஒன்றுகூட விரும்பினோம். முன்பெல்லாம் இத்தகைய ஒன்றுகூடல் சுங்கைப்பட்டாணியிலோ கிள்ளானிலோ ஒரு வாழையிலை உணவகத்தில் முடிந்துவிடும். இம்முறை பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் மூன்று இரவு என்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு வேண்டுகோள்கள் எனக்கு வந்தன. ஒன்று, இப்போது வழக்கறிஞராக இருக்கும் நண்பனிடமிருந்து: "நான் ஒரு பாட்டில் ஒயின் கொண்டு வருகிறேன். நீ ஒரு தக்கைத் திருகி வாங்கி வா." மற்றொன்று, ஆசிரியையாக இருக்கும் தோழியிடமிருந்து: "உங்கள் அம்மாவின் பால்வெட்டுக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறதா? எங்கள் பிள்ளைகள் யாருமே அதைப் பார்த்ததில்லை. கொண்டு வந்து காட்டுங்கள்."

தக்கைத் திருகியை நான் வாழ்நாளில் வாங்கியதே இல்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் பாட்டிலின் மூடித்தாளைக் கீறுவதற்கு மடக்குக் கத்தி ஒன்றும் சேர்ந்திருந்தது. மற்றது மரக்கைப்பிடியும் சுருள் கம்பியும் மட்டும். எதற்கும் கப்பல் நிறுவனத்தின் தடைப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். அலகு இல்லாத திருகிக்குத் தடை இல்லை. கத்தி எதுவாயினும் தடை. ஆகவே இரண்டாவதை வாங்கினேன். அந்தப் பட்டியலைப் படித்த அதே கண்கள்தாம், பால்வெட்டுக் கத்தியும் ஒரு கத்திதான் என்பதைப் பார்க்கத் தவறின. ஏன் தவறின? அது எனக்குக் கத்தியாகத் தோன்றவே இல்லை. அது அம்மாவின் கையின் நீட்சியாகத்தான் தோன்றியது.

அம்மா பீடோங்கிற்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு பால்வெட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார். கத்தியின் நுனி ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடிந்திருக்கும். மரத்தின் பட்டையை மேலே இடப்புறத்திலிருந்து கீழே வலப்புறமாகச் சரிவாகச் சீவ வேண்டும். சீவும் தோலின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் ஆழம் போனால் மரத்தின் உயிர்த்தோலில் காயம் படும். மறுபடி வளரும் பட்டை முடிச்சு முடிச்சாக வீங்கும். அந்த இடத்தில் பிற்பாடு கத்தி ஓடாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது, கிராணியின் கணக்கில் எடை குறையும். இருட்டில், கொசுக்கடியில், ஒரு மில்லிமீட்டர்! அறுவை மருத்துவரின் கைக்கு நாம் தரும் மரியாதையில் கால்பங்காவது இந்தக் கைகளுக்குத் தந்திருக்கிறோமா?

பெட்டியில் கத்தியை வைக்கும்போது அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, கப்பல்ல எந்த மரத்துல வெட்டப் போற?"

"பிள்ளைங்களுக்குக் காட்டுறதுக்கும்மா."

"காட்டு, காட்டு. வாய்ல துணி சுத்தி வை. கையில பட்டா தையல் போடணும்."

கப்பலுக்கும் எங்கள் குடும்பத்திற்கும் பழைய உறவு உண்டு. அம்மாவைப் பெற்ற தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பலேறிப் பினாங்கு வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை தமிழகத் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே நம் மக்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களைப் பினாங்கில் நேரே கரையில் விட்டுவிட மாட்டார்கள். ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் வைத்துத் தொற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகே விடுவார்கள். அவர்களின் தகரப் பெட்டிகளும் திறந்து பார்க்கப்பட்டன. அன்று தாத்தாவிடம் தேடியது நோயை. இன்று பேரனிடம் தேடுவது ஆயுதத்தை. மூன்று தலைமுறை கடந்தும் பெட்டியைத் திறக்கச் சொல்வது மட்டும் மாறவில்லை.

ஆனால் நாம் உணர்ச்சிவசப்பட்டுவிடக் கூடாது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு உலகம் மாறியது. விமானங்களை மட்டுமல்ல, கப்பல்களையும் துறைமுகங்களையும் காக்க அனைத்துலக அளவில் ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு உருவாகி 2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பயணிகள் கப்பலில் ஏறுகிறவரின் பையை ஊடுகதிர்ப் பெட்டியில் விடுவது அதன் வழி வந்த நடைமுறையே. ஆயிரக்கணக்கானோர் நடுக்கடலில் ஒரே கூரையின் கீழ் உறங்கப்போகும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம் என்று யார் சொல்வார்?

துறையில் என் பை பெட்டிக்குள் போயிற்று, நின்றது, பின்னுக்கு வந்தது, மறுபடியும் போயிற்று. பாதுகாவலர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த மலாய்க்காரர், என்னைத் தனியே அழைத்தார். முதலில் தக்கைத் திருகியை வெளியே எடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே விளக்கினேன்: இது ஒயின் பாட்டில் திறப்பது, அலகு இல்லை, உங்கள் பட்டியலில் தடை இல்லை. ஆங்கிலத்தில், தலை நிமிர்ந்து சொன்னேன். அவர் தலையசைத்து அதை ஓரமாக வைத்தார்.

அடுத்துத் துணிச்சுருளைப் பிரித்தார். கத்தி வெளியே வந்தது. பின்னால் வரிசையில் இருபது பேர். என் பட்டதாரி நண்பர்கள், அவர்களின் பிள்ளைகள், முன்பின் அறியாத பயணிகள். "இது என்ன?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்த பதில் இதுதான்: "பழைய கைவினைப் பொருள். அலங்காரத்திற்கு."

அலங்காரமாம்! எந்தச் சுவரை அலங்கரித்தது அது? எங்களைப் படிக்க வைத்த கத்தி அது. நான் பல்கலைக்கழகம் போன முதல் நாள் கட்டிய கட்டணத்தில் அந்தக் கத்தியின் கூலி இருந்தது. திருகியைப் பற்றிப் பெருமையாகப் பேசிய நாவு, கத்தியைப் பற்றிப் பொய் சொன்னது.

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் நுனியின் மடிப்பைப் பக்குவமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "அண்ணே, இது பீசாவ் தோரே. என் அப்பா பாலிங்கில் இதை வைத்துத்தான் எங்களை வளர்த்தார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மேலும் சொன்னார், "நல்ல கத்தி. ஆனால் மேலே விட முடியாது. நாங்கள் வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவோம்." இரண்டு படிகளில் ஒரு துண்டு எழுதி, ஒன்றை என்னிடம் நீட்டினார். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் நான் சொன்ன 'அலங்காரப் பொருள்' இல்லை. 'ரப்பர் வெட்டும் கத்தி, ஒன்று' என்று மலாயில் எழுதியிருந்தது. அதன் உண்மைப் பெயரை எழுதியவர் அவர். மறைத்தவன் நான்.

அன்றிரவு உணவு மேசையில் வழக்கறிஞர் நண்பன் கொதித்தான். "நம்மைப் பார்த்தாலே சந்தேகம். வெள்ளைக்காரனாக இருந்தால் விட்டிருப்பான்." மேசையில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். நான் உடன்படவில்லை. நமக்கு மெய்யான குறைகள் பல உண்டு. அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் தடைப் பட்டியலில் கத்தி என்று எழுதியிருக்க, கத்தியைக் கொண்டுபோய்விட்டு அதையும் அந்தக் கணக்கில் எழுதினால், மெய்யான குறைகளைச் சொல்லும்போது யாரும் நம்ப மாட்டார்கள். ஊடுகதிர்ப் பெட்டி வடிவத்தைத்தான் பார்க்கும். பயனை அது அறியாது. பயனைச் சொல்ல வேண்டியவர் பொருளுக்கு உரியவரே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தடையின்றிப் போன தக்கைத் திருகியின் முன்னோர், துப்பாக்கிக் குழலில் சிக்கிக்கொண்ட குண்டையும் மருந்தையும் வெளியே இழுக்கப் போர்வீரர்கள் வைத்திருந்த திருகுக் கம்பி என்று அதன் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1795-இல் இங்கிலாந்தில் சாமுவேல் ஹென்ஷல் என்ற பாதிரியார் இதற்கு முதல் காப்புரிமை பெற்றார். தக்கை என்பதும் மரப்பட்டைதான். போர்ச்சுகலில் ஒரு மரத்தில் ஒருமுறை தக்கை உரித்தால் அடுத்து உரிக்க ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ரப்பர் மரத்திற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. இரண்டும் பட்டையை நம்பி வாழ்ந்த மனிதரின் கருவிகளே. ஒன்றின் பெயர் உலகின் எல்லாத் துறைமுகத்திலும் தெரிகிறது. மற்றொன்றின் பெயரை அதன் வாரிசே சொல்லக் கூசினான். வேறுபாடு கருவியில் இல்லை.

மறுநாள் இன்னொரு வேடிக்கை. நண்பன் கொண்டு வந்த பாட்டிலுக்குத் தக்கையே இல்லை; கையால் திருகும் தகர மூடி! என் திருகி கடைசி வரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அமைதியாக இருந்த ஒருவர் சொன்னார்: "1947-இல் நம் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்." உண்மைதான். ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கெடா தோட்டங்களில் கள்ளை எதிர்த்து நின்றார்கள். அந்த ஆண்டின் மோதல்களில் தொழிலாளர் உயிர்களும் போயின. கூலி கள்ளுக்கடையில் கரையக் கூடாது என்பதற்காக அடிபட்டவர்கள் அவர்கள். ஒயின் பாட்டிலை வைத்து யாரையும் நான் பழிக்கவில்லை. அது அவரவர் உரிமை. ஆனால் தக்கைத் திருகியின் விதியைத் தேடிப் படித்த நாம், தொண்டர் படையைப் பற்றி எத்தனை பக்கம் படித்திருக்கிறோம்?

பாலிங் என்றதும் நினைவுக்கு வருவது இன்னொன்று. 1974-இல் ரப்பர் விலை சரிந்து, சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஏறியபோது, பாலிங்கில் சிறுதோட்ட மலாய் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், பெருந்தொகையானோர் கைதானார்கள். அடுத்த ஆண்டே, 1971-இல் வந்த பல்கலைக்கழக, கல்லூரிகள் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நம் கழகங்கள் இத்தனை காலம் இயங்கின. ஆக, மாணவர்களாகிய நம் வரலாற்றையும் இந்த மடிந்த நுனிக் கத்தி தொட்டிருக்கிறது. சோதனை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவரும் இந்தப் பக்கம் நின்றவனும் ஒரே கருவி வளர்த்த பிள்ளைகள். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால், அதை அவர் சொல்வதற்கு முன்பே நாங்கள் அறிந்திருப்போம்.

பொருளின் பெயரையும் பயனையும் உரக்கச் சொன்ன சமூகங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சீக்கியர்களுக்குக் கிர்பான் சமயக் கடமை. அவர்கள் மறைக்கவில்லை, அலங்காரம் என்றும் சொல்லவில்லை. விளக்கினார்கள், வாதாடினார்கள். இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் அலகு ஆறு அங்குலத்திற்கும் மொத்த நீளம் ஒன்பது அங்குலத்திற்கும் மேற்படாத கிர்பானுக்கு இன்று விதியிலேயே இடம் இருக்கிறது. சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் இருமுடியில் நெய்த்தேங்காய் இருக்கும். இந்தியாவில் கைப்பையில் தேங்காய்க்குத் தடை. 2024 அக்டோபரில், அந்த யாத்திரைப் பருவத்திற்காக, 2025 ஜனவரி 20 வரை, சோதனைக்கு உட்பட்டு அனுமதி வழங்கப்பட்டது. கொப்பரைக்கான தடை வேறு. எண்ணெய்ப் பசையால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், உலக அளவிலேயே அது ஆபத்துப் பொருள் பட்டியலில் உள்ளது. அங்கே காரணம் அறிவியல், அதற்கு நாம் பணிய வேண்டும். எங்கே பணிவது, எங்கே விளக்கிக் கேட்பது என்று பிரித்தறிவதுதான் படித்தவர் கடமை.

பால்வெட்டுக் கத்தியைக் கப்பலில் விடச் சொல்லிச் சட்டம் கேட்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது பெட்டியோடு பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட வேண்டியதே. நான் கேட்பது வேறு. பெயர் பதியாத பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதைக் கெடாக்காரர்கள் நேரில் கண்டவர்கள். மெர்போக்கில் உள்ள லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்தில் கடாரத்தின் பழம்பொருள்கள் பெயர்ச்சீட்டோடு இருக்கின்றன. ஆனால் அதே பள்ளத்தாக்கில் சண்டி எண் 11 எனப்பட்ட பழங்கோயிலின் அடித்தளம் 2013-இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பல நூறு ஆண்டு பழைமை வாய்ந்த கல்லுக்கே அந்தக் கதி என்றால், லயத்து வீட்டுப் பரணில் கிடக்கும் கத்திக்கும், மங்குக்கும், காண்டாக் கம்புக்கும் யார் காவல்? தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. நாம் பட்டணத்துக்கு இடம் மாறினோம். லாரியில் ஏற்றும்போது 'இது எதுக்கு?' என்று கேட்டு நாமே எறிந்தவை எத்தனை? அவற்றைப் பறித்தது எந்தச் சோதனை மேசையும் அல்ல. நம் வீட்டு வாசலிலேயே நாம் வைத்திருந்த சோதனை மேசைதான்.

ஆகவே மாணவ நண்பர்களே, கழகத்திற்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். ஒருநாள் கண்காட்சி வேண்டாம். அதற்கு மாலை, பொன்னாடை, திறப்புரை என்று பாதி நாள் போய்விடும். ஒவ்வொரு மாணவரும் விடுமுறைக்கு வீடு செல்லும்போது தோட்ட வாழ்வின் ஒரு பொருளைத் தேடட்டும். அதற்கு ஆறு கேள்விகள்: வீட்டில் வழங்கும் பெயர் என்ன? எதற்குப் பயன்பட்டது? யார் பயன்படுத்தினார்? எந்தத் தோட்டத்தில்? எந்த ஆண்டு வரை? அதைப் பிடிக்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா? படமெடுங்கள், இருந்தால் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பெயரை அவர் உச்சரிப்பது போலவே எழுதுங்கள். அகராதிச் சொல்லைப் போட்டு அழகுபடுத்தாதீர்கள். 'ஒட்டுப்பால்' ஒட்டுப்பாலாகவும், 'கட்டிப்பால்' கட்டிப்பாலாகவும் இருக்கட்டும். நூறு மாணவர் நூறு பொருளை எழுதினால், நம் ஆண்டிதழின் ஒரு பகுதியே தோட்டப்புறச் சொல்லகராதி ஆகிவிடும். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் அச்சுச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். இதை நான் எழுத்தில் தருகிறேன்.

பயணம் போகிறவர்களுக்குச் சில சொற்கள். கத்தி, அரிவாள், அலகு, வேல் எதுவாயினும் விமானத்தில் கைப்பையில் வேண்டாம். பதிவுப் பெட்டியில் முனையைக் கட்டி வையுங்கள். கப்பலானால் பதிவுப் பெட்டியும் சோதிக்கப்படும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தக்கைத் திருகி வாங்கினால் அலகு இல்லாததாக வாங்குங்கள். அதற்கு முன் பாட்டிலின் மூடியையும் பாருங்கள். எந்தப் பொருளானாலும் அதன் பெயரும் பயனும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சிறு அட்டையை அதனோடு கட்டுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

நான்காம் நாள் காலை துறையில் இறங்கினேன். துண்டை நீட்டினேன். அன்று மேசையில் இருந்தவர் வேறொருவர், இளம்பெண். கத்தியைக் கொண்டு வந்து வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"பால்வெட்டுக் கத்தி. பீசாவ் தோரே. என் அம்மாவுடையது. முப்பத்தொரு ஆண்டு பால்வெட்டினார்," என்றேன்.

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கத்தியைக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினார். பிள்ளைகளில் ஒருத்தி, எட்டு வயது, "எப்படி மாமா வெட்டுவாங்க?" என்று கேட்டாள். அருகிலிருந்த தூணை மரமாக வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் சரிவாகக் காட்ட முயன்றேன். மணிக்கட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு ஆண்டு பார்த்து வளர்ந்தும் தெரியவில்லை.

"வீட்டுக்கு வா. பாட்டி காட்டுவாங்க," என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வருகிறாள். உங்கள் வீட்டிலும் அப்படிக் காட்டக்கூடிய ஒரு பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால், தேர்வு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.